கடலடி வாயு சோறான கதை

கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் யூரியா மூட்டை ஒன்றின் எடை 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. காவிரி டெல்டா விவசாயி ஆதார் எண்ணைக் கொடுத்து, விரல்ரேகை வைத்து அதை வாங்குகிறார். டிவிஎஸ் 50 வண்டியில் வைத்து வயலுக்குக் கொண்டுபோகிறார். 2022 முதல் எந்த ஆலையில் தயாரானாலும் மூட்டையின் மேல் ‘பாரத் யூரியா’ என்ற ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது வெள்ளைக் குருணை. வேப்பெண்ணெய் பூசியிருப்பதால் லேசாகக் கசப்பு வாடை அடிக்கும்.

அந்த ஒரு மூட்டையை உண்டாக்க ஏறக்குறைய 2.7 லட்சம் கிலோகலோரி ஆற்றல் தேவைப்படுகிறது. நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது சுமார் 1.56 லட்சம் கிலோகலோரி. ஆக, ஒரு மூட்டை யூரியா என்றால் ஒன்றேமுக்கால் சிலிண்டர்.

சோற்றின் கதையை நாற்றங்காலிலிருந்து சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இன்று நாம் உண்ணும் சோற்றின் கதை அதற்கு வெகுமுன்பே, வேறொரு நாட்டின் கடலடியில் தொடங்கிவிடுகிறது. அந்த வழி முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டால், தட்டில் இருப்பது எவ்வளவு பெரிய செலவில் வந்தது என்பது விளங்கும்.

வளைகுடாவிலிருந்து எண்ணூருக்கு

இந்தியாவுக்கு மிக அதிகமாகத் திரவ இயற்கை வாயு அனுப்பும் நாடு கத்தார். பாரசீக வளைகுடாவின் அடியில், கத்தாரும் ஈரானும் பங்கிட்டுக்கொள்ளும் வாயுப் படுகைதான் உலகிலேயே மிகப் பெரியது. கத்தார் பகுதியில் அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு 1971. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் மண்ணுக்கடியில் அழுந்தி, வெந்து, மீத்தேன் வாயுவாக மாறி அங்கே அடைபட்டுக் கிடக்கின்றன. நம் மூட்டைக்கான வாயு அங்கிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம்.

வாயுவை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. இடம் கொள்ளாது. அதனால் கரையில் உள்ள ஆலையில் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். அப்போது அது திரவமாக மாறி, முன்பிருந்த கொள்ளளவில் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்தக் குளிர்விப்புக்கே உள்ளே வரும் வாயுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எரிந்துபோகிறது. கப்பலில் ஏறிய பிறகும் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியையே எஞ்சினுக்கு எரிபொருளாக்கிக்கொண்டு கப்பல் ஓடுகிறது. ஹோர்முஸ் நீரிணை, அரபிக்கடல், இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடா என்று வந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்தை அடைகிறது. அங்குள்ள திரவ வாயு முனையம் 2019-இல் செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. திரவத்தை மறுபடி சூடாக்கி வாயுவாக்கிக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள்.

நெல்லுக்கு ஒரு குருணை உரம்கூட இன்னும் உருவாகவில்லை. எரிபொருள் செலவு அதற்குள் தொடங்கிவிட்டது.

மணலியில் நடக்கும் மாற்றம்

எண்ணூருக்கு அருகிலேயே மணலி. அங்கே 1971 முதல் உற்பத்தி செய்துவரும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை நீண்ட காலம் நாப்தாவில் ஓடியது. நாப்தா என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரிப்பது. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தே வந்தது. 2019-இல் எண்ணூர் வாயு வந்ததும் ஆலை அதற்கு மாறியது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் நாப்தாவைக் கைவிட்டு 2021-இல் வாயுவுக்கு மாறியது. அதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து வாயுவும் கிடைத்தது.

உரம் செய்வதற்கு வாயு எதற்கு? நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் எந்தப் பயிரும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிடியை விடுவித்து, ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினால்தான் பயிருக்கு அது தழைச்சத்து. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் இதை 1909-இல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். ஓப்பாவ் என்ற ஊரில் 1913-இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், போஷுக்கு 1931-இல் நோபல் பரிசும் கிடைத்தன. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் வெடிமருந்துக்குத் தீனி போட்டதும் இதே கண்டுபிடிப்புதான்.

நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. மீத்தேனில் இருக்கும் கந்தகத்தை முதலில் நீக்குகிறார்கள். பிறகு நிக்கல் நிரப்பிய குழாய்களில், சுமார் 800 டிகிரி வெப்பத்தில், நீராவியோடு சேர்த்து உடைக்கிறார்கள். ஹைட்ரஜன் பிரிகிறது. கரியமில வாயுவும் வெளிவருகிறது. இந்த வெப்பத்தை உண்டாக்க எரிவதும் இதே வாயுதான். அதாவது, வரும் வாயுவில் ஒரு பகுதி மூலப்பொருளாகிறது, மறு பகுதி விறகாகிறது. பிறகு காற்றிலிருந்து வந்த நைட்ரஜனையும் இந்த ஹைட்ரஜனையும் 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். ஒரு சுற்றில் சிறு பங்குதான் அம்மோனியாவாகும். மீதியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும்.

கிடைத்த அம்மோனியாவை, முன்பு பிரித்தெடுத்த கரியமில வாயுவோடே சேர்த்தால் யூரியா. உருகிய யூரியாவை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து மழைபோல் தெளிக்கிறார்கள். விழும்போதே குளிர்ந்து உருண்டையாகிறது. வேப்பெண்ணெய் தெளித்துப் பையில் அடைக்கிறார்கள். அந்தப் பையும் பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக்தான்.

மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு டன் யூரியாவுக்கு 60 லட்சம் கிலோகலோரி அளவில் ஆற்றல் வேண்டும். இந்தியா ஆண்டொன்றுக்குப் பயன்படுத்தும் யூரியாவோ 350 லட்சம் டன்னுக்கு மேல். நம் நாட்டில் இயற்கை வாயுவை மிக அதிகமாக உண்ணும் தொழில் உரத்தொழில். மின்சாரமோ வாகனமோ அதற்கு அடுத்துத்தான்.

வயலில் இறங்கிய பிறகு

தஞ்சாவூர் வயலுக்கு இந்த மூட்டை வந்து சேர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1960-இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1966-இல் ஐஆர் 8 வெளியானது. ஆடுதுறை 27-உம் டெல்டாவில் பரவியது. குட்டையான தண்டு, உரத்தை ஏற்றுக்கொள்ளும் பயிர். பழைய உயரமான ரகங்களுக்கு அதே அளவு உரத்தைப் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். பசியால் வாடிய நாட்டை அந்த விளைச்சல் காப்பாற்றியது. அதை யாரும் மறுக்கக் கூடாது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இந்தச் செயற்கைத் தழைச்சத்தை நம்பியிருக்கிறது என்பது இத்துறையின் பெரிய ஆய்வாளர் வாக்லாவ் ஸ்மில் போட்ட கணக்கு.

அதற்கு முன்னும் டெல்டா வயல்கள் பட்டினி கிடக்கவில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து அறுத்த வயலில் கிடை போடுவார்கள். காவிரி வண்டல் கொண்டுவரும். கொழிஞ்சியும் தழையும் மிதிபடும். அறுவடைக்குச் சில நாள் முன் ஈரவயலில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அதன் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா, மணலியில் 500 டிகிரியில் நடக்கும் அதே வேலையைச் சாதாரண மண்ணின் வெப்பத்தில் சத்தமில்லாமல் செய்து முடிக்கும்.

இன்றைய சம்பாவுக்கு வருவோம். நீண்டகால, மத்தியகால ரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. முழுவதையும் யூரியாவாகவே போட்டால் ஏக்கருக்கு மூன்று மூட்டை. அடியுரமாகக் கொஞ்சம், தூர் கட்டும்போது கொஞ்சம், கதிர் உருவாகும்போது கொஞ்சம் என்று பிரித்துப் போட வேண்டும்.

மேலுரத்தைக் கையால் வீசிய அடுத்த கணமே அது கரைகிறது. மண்ணில் உள்ள நொதி அதை மறுபடி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. மணலியில் அம்மோனியாவோடு சேர்த்துக் கட்டிய கரியமில வாயு இங்கேதான் வானத்துக்குப் போகிறது. அம்மோனியாவிலும் ஒரு பங்கு, தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து வெயிலில் ஆவியாகப் பறந்துவிடுகிறது. இன்னொரு பங்கு நைட்ரேட்டாகி அடிமண்ணில் இறங்குகிறது, நிலத்தடி நீரைத் தொடுகிறது. வேறொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. தண்ணீர் தேங்கிய நெல்வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒன்றேமுக்கால் சிலிண்டர் என்றால், அதில் ஒரு சிலிண்டருக்கும் மேலானது பயிரின் வேரைத் தொடாமலே போகிறது. கடலடியில் எடுத்து, குளிரவைத்து, கடல் கடந்து கொண்டுவந்து, 800 டிகிரியில் உடைத்து, அழுத்திச் செய்த பொருளில் பெரும்பகுதியை நாம் காற்றுக்கும் கிணற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கூடுதலாகப் போட்டால் பயிர் கருகருவென்று இருக்கும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அந்தப் பசுமைக்குத்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடிவருகின்றன. அவற்றுக்கு மருந்தடிக்க இன்னொரு செலவு. அந்த மருந்துகளில் பெரும்பாலானவையும் பெட்ரோலியத்திலிருந்தே பிறப்பவை.

டீசல், மின்சாரம், அடுப்பு

உரம்தான் பெரிய தலைப்பு. ஆனால் செலவு அதோடு நிற்கவில்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 8,600 கிலோகலோரி இருக்கிறது. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500. ஆக, ஒரு லிட்டர் டீசல் என்பது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசியின் ஆற்றல். சேறடிக்கும் டிராக்டர், நடவு இயந்திரம், அறுவடை மிஷின், நெல் ஏற்றும் லாரி எல்லாம் இதைத்தான் குடிக்கின்றன. ஒரு லிட்டர் டீசல் எஞ்சினில் எரிந்து தரும் வேலை, ஒரு மனிதர் நான்கு நாள் உழைத்துச் செய்யும் வேலைக்குச் சமம். வயலில் ஆள் கிடைக்காத காலத்தில் விவசாயி மிஷினை அழைப்பதைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அறுவடை மிஷின் ஏறி இறங்கினால், முன்பே தெளித்து முளைத்திருக்கும் உளுந்து நசுங்கிப்போகும். இலவசமாகத் தழைச்சத்து சேர்த்த பயிரை இழந்து, அடுத்த போகத்துக்கு மூட்டைத் தழைச்சத்தை வாங்குகிறோம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் குறுவை போர்செட்டை நம்பி நடக்கிறது. தமிழகத்தில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள். 1990 முதல் மின்சாரம் இலவசம். விவசாயிக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தே வருகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அதில் ஒரு பங்கு.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டைகள் லாரியிலும் சரக்கு ரயிலிலும் அரவை ஆலைகளுக்குப் போகின்றன. இங்கே ஒரு நல்ல செய்தி. புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து அவிக்கும் கொதிகலன்கள் பெரும்பாலும் அதே நெல்லின் உமியை எரித்தே ஓடுகின்றன. இந்த நெடுவழியில் புதைபடிவ எரிபொருள் பெரிதாகத் தேவைப்படாத ஒரே பெரிய வேலை அதுதான். தன் வயலில் விளைந்ததே தனக்கு எரிபொருள் என்ற பழைய ஒழுங்கு அந்த ஆலையின் உலைவாயில் இன்னும் மிச்சமிருக்கிறது.

கடைசியாக வீட்டு அடுப்பு. நிறையத் தண்ணீர் வைத்து, மூடாத பாத்திரத்தில் ஒரு கிலோ அரிசியைக் கொதிக்கவிட்டு வடித்தால், தண்ணீரைச் சூடாக்க மட்டுமே 500 கிலோகலோரிக்கு மேல் எரிவாயு தேவை. அந்த அரிசியை விளைவிக்கப் போட்ட யூரியாவின் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவுதான். எப்படியென்று பார்ப்போம்.

ஒரு கிலோ அரிசியின் கணக்கு

ஏக்கருக்கு மூன்று மூட்டை என்றால் 8.1 லட்சம் கிலோகலோரி. இரண்டரை டன் நெல் விளைந்தால், அரிசியாக 1,650 கிலோ அளவில் கிடைக்கும். கிலோவுக்குப் பங்கிட்டால் யூரியாவின் பங்கு மட்டும் சுமார் 490 கிலோகலோரி. அரிசி நமக்குத் தரும் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு. டீசல், மின்சாரம், மற்ற உரங்கள், மருந்து, போக்குவரத்து, அடுப்பு ஆகியவை இதற்கு மேல்.

இப்படிக் கணக்குப் பார்க்கும் வழியை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிமென்டல். எண்ணெய் நெருக்கடி வெடித்த 1973-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க மக்காச்சோளத்தைக் கணக்கிட்டார்கள். 1945-இல் ஒரு பங்கு ஆற்றலைப் போட்டால் 3.7 பங்கு ஆற்றல் மக்காச்சோளமாகத் திரும்பியது. 1970-இல் அது 2.8 பங்காகக் குறைந்திருந்தது. விளைச்சல் கூடியது. ஆனால் அதைவிட வேகமாக எரிபொருள் கூடியது. வயலைத் தாண்டி, பதப்படுத்துவது, பொட்டலம் கட்டுவது, குளிர்பதனம், கடை, வீட்டுச் சமையல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு கலோரி உணவுக்கு ஏழு கலோரிக்கு மேல் செலவாகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. உலக ஆற்றல் நுகர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் உணவுத் துறைக்கே போகிறது என்று ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு 2011-இல் சொன்னது. நம் சோறு இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் பாக்கெட் உணவும் குளிர்பெட்டியும் வீடுதோறும் வரும்போது நாமும் அதே பாதையில்தான் நடக்கிறோம்.

இந்தச் சார்பின் ஆபத்தை 2022 காட்டியது. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்ததும் வாயு விலை ஏறியது. ஐரோப்பாவில் பல அம்மோனியா ஆலைகள் நின்றன. இந்தியாவில் விவசாயிக்கு மூட்டை விலை ஏறாமல் அரசு தாங்கிக்கொண்டது. அதற்காக 2022-23 நிதியாண்டில் உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. நம் சோற்றின் விலை ஹோர்முஸ் நீரிணையிலும் கருங்கடல் கரையிலும் முடிவாகிறது என்றால், தானியத்தில் தன்னிறைவு அடைந்துவிட்டோம் என்று முழுமனதோடு சொல்ல முடியாது.

டெல்டாவுக்கு இது இன்னும் நெருக்கமான கேள்வி. ஹைட்ரோகார்பன் எடுக்கக் கூடாது என்று நெடுவாசல் மக்கள் 2017-இல் போராடினார்கள். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அந்தப் போராட்டம் நியாயமானது. அந்த நியாயம் முழுமை பெற வேண்டுமென்றால், வேறொருவர் கடலடியில் எடுத்து மூட்டையில் வரும் வாயுவின் தேவையையும் நாம் குறைக்க வேண்டும்.

குறைக்க முடியும்

யூரியாவை நாளையே நிறுத்து என்று சொல்வது பசியை அழைப்பது. வீணாவதை நிறுத்தலாம், அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. இலை வண்ண அட்டை என்று ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பயிரின் இலையை அதன் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு நிறம் 3-க்குக் கீழும், மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழும் இறங்கினால் மட்டும் யூரியா போட்டால் போதும். பயிர் கேட்கும்போது கொடுப்பது, கேட்காதபோது நிறுத்துவது, அவ்வளவுதான்.

நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து மண்ணிலேயே கிடைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மோட்டார் ஓடும் நேரமும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். அறுத்த வயலில் உளுந்து திரும்ப வர வேண்டும், கிடை திரும்ப வர வேண்டும். இதையெல்லாம் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்னபோது பலர் பழமை என்று ஒதுக்கினார்கள். எரிபொருள் கணக்கோ அவர் பக்கம் நிற்கிறது.

அம்மோனியாவுக்குப் புதைபடிவ வாயு கட்டாயமும் அல்ல. 1961-இல் பஞ்சாபின் நங்கல் உர ஆலை பக்ரா அணையின் நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது, அதிலிருந்து உரம் செய்தது. பின்னர் அந்த மின்சாரத்துக்கு வேறு தேவைகள் வந்தன, ஆலையும் வேறு எரிபொருளுக்குப் போனது. இன்று காற்றாலையும் சூரியத் தகடும் நிறைந்த தமிழகத்துக்கு அந்தப் பாதை மறுபடி திறந்திருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூட்டைக்கு மட்டும் மானியம் கொடுக்கும் ஏற்பாடு, மூட்டையை மிச்சப்படுத்தும் விவசாயிக்கு ஒன்றும் தருவதில்லை. தக்கைப்பூண்டு மடக்கி உழுபவருக்கும், உளுந்து விதைப்பவருக்கும், அட்டை பார்த்து உரம் குறைப்பவருக்கும் அதே பணத்தில் ஒரு பங்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். விவசாயியின் தலையில் மட்டும் இந்தச் சுமையை வைப்பது அநீதி.

உண்பவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. உலையை மூடி வையுங்கள். வேண்டிய அளவே வடியுங்கள். விருந்து வீட்டு இலையில் மூடிப் போடும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் விவசாயியின் உழைப்போடு, பூமி ஒருமுறை மட்டுமே தந்த வாயுவும் இருக்கிறது. அதை வீணாக்க நமக்கு உரிமையில்லை.